ஏழு வீட்டுப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்து வாசற்கதவில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டவர் என்ஜினீயர் வேல்ராஜ். அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரமாகப் பார்த்து, பத்தாம் வகுப்புக் கூரையிலிருந்து தலையணை அகலத்துக்குக் காரை பெயர்ந்து மூன்றாவது பெஞ்சில் விழுந்தது. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறவள் என் மகள் அஃபீஃபா. மறுநாள் வேல்ராஜ் ஏணி போட்டு ஏறி, உத்திரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "தொண்ணூறு வருஷம் நின்னுருக்கும்மா. இனி ஒரு மழை தாங்காது" என்றார். நான் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

கோபம் வந்தது மூன்றாம் நாள் வந்த கடிதத்தின் மேல்தான். கட்டடத்தைப் பூட்ட வேண்டும் என்றது, சரி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஏழு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்ப் பள்ளியோடு இணைக்கப் போவதாகவும் சொன்னது. அதையும் பத்தே நாளில். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி என்று என் பெயரையும் போட்டு, ரஹ்மத்துன்னிஸா அவர்களின் தகவலுக்காக என்று ஒரு நகல் அனுப்பியிருந்தார்கள். தகவலுக்காகவாம். நான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன்.

கடிதம் எழுதியவருக்கு ஏழு கிலோமீட்டர் என்பது பத்து நிமிஷப் பயணம். காயல்பட்டினத்தில் அது வேறு கணக்கு. இங்கே பெண்கள் பெரும்பாலும் வீடுகளுக்கு நடுவே ஓடும் முடுக்கு வழியாகவே போய் வருவோம். முடுக்கில் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளை பன்னிரண்டு வரை படிக்கும். பஸ் ஏற வேண்டும் என்றால், காலம் எவ்வளவோ மாறியும், பாதி வீடுகளில் "படிச்சது போதும்" என்று விடுவார்கள். எனக்கு அதுதான் நடந்தது. பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தெட்டு வாங்கினேன். அப்போது இங்கே பதினொன்றாம் வகுப்பு கிடையாது. பஸ்ஸில் போய்ப் படிக்கிறேன் என்றதும் வாப்பா சிரித்துக்கொண்டே கல்யாணப் பேச்சை எடுத்தார். இருபத்தாறு வருஷமாகியும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. என் மகளுக்கும், அவளோடு பத்தாம் வகுப்பில் இருக்கிற மற்ற முப்பத்துநாலு பேருக்கும் அது நடக்கக் கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் மண்டையில் ஓடியது.

தலைமையாசிரியை மெட்டில்டா டீச்சர் மணப்பாட்டுக்காரர். தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். பேச்சு குறைவு, யோசனை அதிகம். எனக்கு நேர் எதிர். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று நான் கத்தித் தீர்க்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, கைப்பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார்.

பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கிற ஒரு தேர்வு. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்விகளைக் கொடுத்து, எந்த நாட்டுப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். குலுக்கலில் எங்கள் மாவட்டத்துக்கு விழுந்த ஒரே பள்ளி எங்களுடையது. ஆகஸ்ட் இருபத்திரண்டில் பத்தாம் வகுப்பின் முப்பத்தைந்து பேரும் எழுத வேண்டும்.

"ஸ்கூல் பேரு வெளிநாட்டுக்குப் போயாச்சு ரஹ்மத்து. தேர்வு நடக்குற அன்னைக்கு இந்த ஸ்கூல் இந்த ஊர்லயே நடக்கணும். இணைச்சுட்டா பேரை எடுக்கணும். எடுத்தா ஏன் எடுத்தோம்னு மேல காரணம் எழுதணும். அந்தக் காரணத்தை எழுத அந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் பிரியம் இருக்காது. அங்கனதான் நமக்குப் பிடி இருக்கு."

அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் அலுவலகத்துக்குப் போய் வந்தார். கல்வி அலுவலர் ஒரு வழி விட்டார். பத்து நாளுக்குள் ஊருக்குள்ளேயே மாற்றிடம் காட்ட வேண்டும். பத்து அறை. ஒரே வளாகம், ஒரே வாசல். கட்டட உறுதிக்கு என்ஜினீயர் சான்று. சொந்தக்காரர் கையெழுத்து. இல்லையென்றால் இணைப்புதான். எங்கள் ஊரில் பத்து அறையோடு சும்மா கிடக்கிற கட்டடம் எது என்று நாங்கள் இரண்டு நாள் தேடினோம். கல்யாண மண்டபங்களுக்கு மார்கழி வரை முன்பதிவு ஆகியிருந்தது.

இதற்குள் செய்தி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஆண்களுக்குப் போய்விட்டது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. என் கணவர் மூஸா ஹாங்காங்கில். பக்கத்து வீட்டு ஸஹ்லாவின் கணவர் ஹாரிஸ் துபாயில். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தின் புகைப்படத்தைப் போட்டார்கள். ஹாங்காங்கில் பள்ளிக்கூடத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. துபாயில் நீச்சல் குளம் இருக்கிறது. சிங்கப்பூரில் மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே வராது. நம்ம ஊரில் காரை விழுகிறது என்று நாற்பது பேர் அழுகிற முகம் போட்டார்கள். இவ்வளவு பேசியவர்களில் ஒருவரும் பத்து அறைக்கு வழி சொல்லவில்லை. உலகத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் ஒப்பிட எந்தத் தேர்வும் வேண்டாம், எங்கள் வீட்டு ஆண்களே போதும் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் வீட்டுக் கூடம் கண்ணில் பட்டது. நாற்பது பேர் பந்தி போடுகிற கூடம். மூஸா வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறவர். மற்ற பதினொரு மாதமும் அதில் நானும் அஃபீஃபாவும் காற்றும்தான். ஸஹ்லா வீட்டுக் கூடமும் அப்படித்தான். அதற்கடுத்த வீடும், அதற்கடுத்ததும். எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். அக்கா தங்கைகளுக்கும் அவர்கள் மகள்களுக்குமாக ஒட்டி ஒட்டிக் கட்டியவை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுச்சுவரில் கதவு இருக்கிறது. மழை வந்தாலும், சாவு விழுந்து மையத்து எடுத்தாலும் தெருவில் கால் வைக்காமல் முதல் வீட்டிலிருந்து ஏழாவது வீட்டுக்குப் போய்விடலாம். நான் அப்போதே ஸஹ்லா வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

என்னை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிற ஸஹ்லா, கணவரை நினைத்து முதலில் சம்மதிக்கவில்லை. "எங்க மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா வைவாரு லாத்தா. தரையெல்லாம் பாழாப் போவும்" என்றாள்.

"உன் மூத்தவ எட்டாவதுல இருக்கா. பஸ்ல அனுப்புவியா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "சரி. ஆனா என் அடுக்களைக்குள்ள ஒரு பிள்ளையும் கால் வைக்கப்படாது" என்றாள் பிறகு. மற்ற ஐந்து வீடுகளிலும் இதே கேள்வியும் இதே பதிலும்தான். ஐந்தாவது வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் அழுகை.

அன்று மாலையே மூஸாவின் குரல் பதிவு வந்தது, அதுவும் குரூப்பில், எல்லோர் காதிலும் விழும்படி. "என் வீட்டுக் கூடத்தை ஸ்கூலாக்க நான் விடமாட்டேன். அஃபீஃபா பத்தை முடிக்கட்டும். அப்புறம் நான் இங்கன கூட்டிக்கிடுதேன். விசாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இங்க உள்ள படிப்பு எங்க, அங்க உள்ள படிப்பு எங்க?" ஹாரிஸ் கட்டைவிரலைப் போட்டார். இன்னும் ஐந்து கட்டைவிரல்கள் வந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்துச் சாமான்களை ஓரம் கட்டினேன். எனக்குப் பதில் இல்லாமல் போனது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை என்று அவர் நினைத்திருப்பார்.

ஒன்பதாம் நாள் காலை மெட்டில்டா டீச்சரோடு கல்வி அலுவலரும் வேல்ராஜும் வந்தார்கள். ஆம்பளைகள் வருகிறார்கள் என்று கதவுக்குக் கதவு சத்தம் முன்னால் ஓட, பெண்கள் பின்கட்டுக்கு நகர்ந்துகொண்டார்கள். அலுவலர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஒரே வளாகம்னு சொல்லியிருந்தேன். இது தெருவாச்சே" என்றார்.

"உள்ள வாங்க சார். செருப்பைக் கையில எடுத்துக்கிடுங்க" என்றேன்.

என் கூடம், நடுக்கதவு, ஸஹ்லாவின் கூடம், நடுக்கதவு. மூன்றாவது வீட்டில் மீன் ஆணம் கொதித்தது. நாலாவதில் தொட்டில். ஐந்து, ஆறு. ஏழாவது வீட்டின் முன்வாசலைத் திறந்துவிட்டபோது அலுவலர் தெருவின் மறுகோடியில் நின்றார். திரும்பி, தாம் ஏறிய வாசலைத் தேடினார். இருநூறு அடி தள்ளி அவருடைய ஜீப் நின்றது. டிரைவர் இன்னும் என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே வாசல்தான்" என்று மெட்டில்டா டீச்சர் ஏழாவது வீட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

வேல்ராஜ் மூன்று மணி நேரம் தட்டினார். எங்கள் வீடுகளுக்கும் வயது ஆகிறது. பள்ளிக்கூடத்தைக் கட்டிய அதே காலத்து உத்திரங்கள்தான் சிலவற்றில். ஆனால் குடியிருக்கிற வீட்டில் ஒழுக்கு விழுந்த மறுநாளே ஆள் ஏற்றிவிடுவோம். யாரும் குடியிருக்காத பள்ளிக்கூடத்துக்கு அந்த அக்கறை எங்கிருந்து வரும்? பதின்மூன்று அறைகளில் பன்னிரண்டு தேறின. தேறாதது என் வீட்டுச் சாமான் அறை. கறையான் என்றார். ஸஹ்லா கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அலுவலர் சம்மதக் கடிதங்களை மேசைமேல் விரித்தார். "எல்லாம் சரி. வீட்டுக்காரங்க கையெழுத்து வேணுமே. உங்க கணவர்மாரெல்லாம் வெளிநாட்டுல. தூதரகத்துல கையெழுத்துப் போட்டு, தபால்ல வந்து சேர எப்படியும் மாசம் ஒண்ணாகும். நாளைக்கோட பத்து நாள் முடியுதும்மா." அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் உள்ளே பார்த்து, "ஏளா, பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

வெளியூர்க்காரரான அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். பெட்டியிலிருந்தும் பீரோவிலிருந்தும் ஏழு பத்திரங்கள் வந்தன, தீர்வை ரசீதுகளோடு. அலுவலர் முதல் பத்திரத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் பெயரை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு பேனாவைத் திறந்து எங்கள் பக்கம் நீட்டினார். ஏழு பெண்கள் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தோம். ஐந்தாவது வீட்டுக்காரி அழாமல் போட்டாள்.

அன்று மாலை என் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அந்தக் குரூப்பில் போட்டேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் ஸஹ்லாவும் அவளுடையதைப் போட்டாள். பிறகு வரிசையாக மற்ற ஐந்தும். அன்றைக்குக் கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை.

வியாழக்கிழமை பெஞ்சுகள் வந்தன. ஆறாம் வகுப்பு ஏழாவது வீட்டில், பத்தாம் வகுப்பு என் கூடத்தில், ஆசிரியர் அறை ஸஹ்லாவின் முன் அறையில். பதினொரு மணிக்கு மூன்றாம் வீட்டில் தாளிக்கும்போது எட்டாம் வகுப்புக்குப் பாடம் ஓடாது. அதனால் அந்த வீட்டுக்காரி பத்து மணிக்கே தாளிக்கப் பழகினாள். முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்த மெட்டில்டா டீச்சர் என்னிடம் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்திகூடப் படிப்பை விடவில்லை. பழைய கட்டடத்தில் அடிக்கடி வராமல் இருந்த நாலு பேரும் தினமும் வந்தார்கள். வராவிட்டால் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வர ஏழு உம்மாக்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் இருபத்திரண்டில் சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் முத்திரை வைத்த பெட்டியோடு வந்தார்கள். என் கூடத்தில் முப்பத்தைந்து மேசைகள் தனித்தனியாகப் போட்டோம். நான் அடுக்களையில் பாத்திரத்தைத் தொடக்கூட இல்லை. ஏழு வீட்டிலும் அன்றைக்குச் சமையல் கிடையாது. முந்தின நாள் செய்ததை எல்லோரும் ஆறிப்போனதாகவே தின்றோம். மூன்று மணி நேரம் பேனா சத்தம் மட்டும் கேட்டது. அஃபீஃபா வெளியே வந்து, "கணக்கு லேசா இருந்துச்சும்மா. வாசிக்கிற பகுதிதான் நீளம்" என்றாள். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. பிள்ளைகள் எப்போதும் லேசு என்றுதான் சொல்லும்.

தேர்வோடு பள்ளியைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதினார். ஒரு மாதம் கழித்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பள்ளியில் ஏழு கட்டடங்கள், ஏழு சமையலறைகள் என்று உள்ளது, தவறாக இருக்கலாம், சரிபார்க்கவும். டீச்சர் என் எதிரில் உட்கார்ந்து பதில் அடித்தார்: தவறில்லை, ஏழிலும் சமையல் நடக்கிறது.

ஜனவரியில் அறிக்கை வந்தது. டீச்சர் அதை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தார். வாசிப்பில் எங்கள் பிள்ளைகள் நாடுகளின் சராசரிக்குக் கொஞ்சம் கீழே. அறிவியலில் சரிசமம். கணக்கில் மேலே. கொஞ்சமல்ல, நன்றாகவே மேலே. பங்கெடுத்த நாடுகளில் பாதிக்கு மேல் எங்களுக்குக் கீழே இருந்தன. அஃபீஃபா சொன்னது உண்மைதான். நான் அவளை நம்பாததற்கு அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

அடுத்த பக்கத்தில் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகள். 'பள்ளியில் நான் வெளியாள் போல உணர்கிறேன்' என்று ஒரு வரி. எல்லா நாட்டிலும் எத்தனையோ பிள்ளைகள் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் முப்பத்தைந்து பேருக்கு ஆமாம் என்று ஒன்றுகூட இல்லை. டீச்சர் அந்த வரியை விரலால் தொட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது, நான் மறைக்கவில்லை.

அறிக்கை குரூப்புக்குப் போனது. நாற்பது ஆண்களும் தாங்கள் வேலை செய்கிற நாடு எந்த வரிசையில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடினார்கள். ஹாங்காங் எங்களுக்கு மேலே இருந்தது. "லிஃப்ட் இருக்குல்லா, மேலதான் இருக்கும்" என்று நான் போட்டேன். ஹாரிஸ் வெகுநேரம் கழித்து, "ஸஹ்லா கூடத்தில் எந்த வகுப்பு?" என்று கேட்டார். அறிக்கை மாவட்டத்திலும் மேலே போனது. பிப்ரவரியில் ஆணை வந்தது: இணைப்பு ரத்து, பழைய கட்டடத்தின் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டு, பள்ளி இதே ஊரில் தொடரும். டீச்சர் அதை ஏழு கூடத்திலும் நின்று சத்தமாக வாசித்தார். ஏழாவது கூடத்தில் வாசிக்கும்போது அவர் தாளை என்னிடம் நீட்டினார். கடைசி வரியை நான்தான் வாசித்தேன்.

ஆணை வந்த வாரமே மூஸா விடுமுறையில் வந்தார், கையில் விசாப் படிவத்தோடு. காலை பதினொரு மணி. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வரக் காலெடுத்தவரை, கதவருகே உட்கார்ந்திருந்த பிள்ளை, "மாமா, கிளாஸ் நடக்கு. முடிஞ்சதும் வாங்க" என்றது. மனுஷன் முன் அறையில் பெட்டியோடு உட்கார்ந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டு வைத்தேன். அவர் குடிக்கவில்லை. உள்ளே அஃபீஃபா கரும்பலகையில் நின்றுகொண்டு, பள்ளிவாசல் மினாராவின் மேல் ஏறாமலே அதன் உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்னொரு பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவையும் புரியவில்லை. அஃபீஃபா பொறுமையாக மூன்றாவது தடவை வேறு மாதிரி சொன்னாள். அந்தப் பொறுமை என்னிடமிருந்து வந்ததல்ல. தேத்தண்ணீர் ஆறி ஏடு கட்டும்வரை மூஸா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பு விட்டதும் அவர் மகளைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினார். "நீயே சொல்லு. அங்க ஸ்கூல் எப்படின்னு நீயும் பேப்பர்ல பாத்துருப்ப. வாரியா?"

அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வருகிறேன் என்று சொன்னால் தடுக்க எனக்கு எந்த நியாயமும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அஃபீஃபா படிவத்தை வாங்கி முழுவதும் படித்தாள். "அங்க நல்லாத்தான் சொல்லித் தருவாங்க வாப்பா. நான் நல்லாவும் படிப்பேன்" என்றாள். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் இன்னும் போகாமல் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆனா நாங்க முப்பத்தஞ்சு பேரும் பதினொண்ணுக்குப் பேர் கொடுத்துருக்கோம். ஒருத்தி போனா, அடுத்த வீட்ல இன்னொருத்தியை நிறுத்த அது ஒரு காரணமாயிரும். அப்புறம் அது முப்பத்தினாலோட நிக்காது."

மூஸா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, முப்பத்தஞ்சாவே இருக்கட்டும்" என்றார்.